கிர்ஸ்டி சித்தி தேடிய பாட்டுப் புத்தகம்

என் சித்தி கிர்ஸ்டி கப்பல் கேண்டீனில் சூப் ஊற்றுகிறவள். எங்கள் லூயிஸ் தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே அலை எவ்வளவு ஆட்டினாலும் அவள் கையில் கிண்ணம் தளும்பாது. ஊரில் ஆறு பெண்களின் பாட்டுக் குழுவுக்கும் அவள்தான் தலைவி. போன வருடப் போட்டியில் நடுவர், "ஆறு பேர், ஏழு மெட்டு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் சொன்னதில் தப்பில்லை, நானும் கேட்டேன்.

வீடு திரும்பும் வழியிலேயே சித்தி முடிவு செய்துவிட்டாள். நம் பழைய பாட்டுகள் மெட்டோடு அச்சான நல்ல புத்தகம் ஒன்று வேண்டும். அதில் இருப்பதுதான் சட்டம்.

ஆனால் ஐந்து கோட்டில் புள்ளி வைக்கிற இசைக்குறிப்பு அவளுக்குப் படிக்க வராது. தேவாலயத்தில் அவள் பழகியது சுர எழுத்து. டோ, ரே, மீ என்பதன் முதலெழுத்துகளைப் பாட்டு வரிக்கு மேலே எழுதியிருப்பார்கள். முதலில் வாங்கிய புத்தகத்தின் அட்டையில் கோட்டை, உள்ளே வெறும் வரிகள். இரண்டாவதில் முழுக்கப் புள்ளிகள்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடி. இதைப் படிக்க எறும்புதான் வரணும்."

"போன்ல கேட்டுப் பாடலாமே சித்தி?"

"போன்ல பாடுறவ அவ இஷ்டத்துக்கு இழுப்பா. உடனே நம்ம குழுவுல ஷோனா, 'எங்கம்மா அப்படிப் பாடமாட்டா'ன்னு ஆரம்பிப்பா. எனக்குத் தாள்லதான் வேணும்."

பள்ளிக்கு மட்டம் போட்ட ஒரு நாள், கேண்டீன் சுவரில் ஒரு சீட்டு ஒட்டினேன். 'சுர எழுத்துப் பாட்டுப் புத்தகம் கொண்டு வருவோருக்குக் கிர்ஸ்டியின் முத்தம்.' சித்தி பார்ப்பதற்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள், ஒருவர் டிராக்டர் கையேட்டோடு. மூன்றாவதாக முர்டோ வந்தார். ஆடு வளர்ப்பவர், மனைவி இறந்து இரண்டு வருடம்.

"அவ புத்தகம் இருக்கு. வீட்டை விட்டு வெளிய அனுப்பமாட்டேன். நீ வந்து எழுதிக்கோ. முத்தமெல்லாம் வேண்டாம்மா, நான் ஷேவ்கூடப் பண்ணல."

என் காதைத் திருகிவிட்டு, சித்தி நோட்டோடு அவர் சமையலறைக்குப் போனாள். மூன்று நாள் வேலை முடிந்து அங்கேதான் எழுதினாள். சனிக்கிழமை புயற்காற்றில் கப்பல் தாமதமானதால் போட்டிப் பாட்டு மட்டும் மிச்சம். திங்கள் காலையில் முர்டோ ஆடுகளோடு சந்தைக்குக் கிளம்பினால் ஒரு வாரம் வீடு பூட்டு. போட்டியோ வெள்ளிக்கிழமை.

நடுவில் ஞாயிறு. எங்கள் ஊரில் ஞாயிறு கடவுளுக்கான ஓய்வு நாள், துணிகூடக் காயப் போடமாட்டோம். எழுதுவது வேலை. தேவாலயப் பாட்டு தவிர வேறு பாட்டைப் பாடவும் கூடாது.

"நாலு வரிதான் சித்தி. கதவைச் சாத்திட்டு எழுது. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல? படிக்கிறது வேலையில்ல. படிச்சுக்கிறேன்."

முர்டோவின் சமையலறையில் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, மூன்று மணி நேரம், மேலே போட்டிருந்த குளிர் கோட்டுகூடக் கழற்றாமல், வாயை மூடிக்கொண்டு படித்தாள். விரல் தானாகத் தாளம் போட்டது. அதைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கினாள்.

"அந்தப் பக்கத்துல அவ பென்சில்ல ஏதோ எழுதியிருப்பாளே?" என்றார் முர்டோ.

"'இங்க மூச்சு விடு'ன்னு இருக்கு."

ஆடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் வெளியே போனார்.

திங்கள் விடிந்ததும் மனப்பாடமாக எழுதி, முர்டோவின் ஆட்டு லாரி கிளம்புவதற்குள் ஓடிப்போய்ப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு எழுத்துதான் தப்பு.

அன்றைய ஒத்திகையில் ஷோனா ஆரம்பித்தாள், "எங்கம்மா இப்படிப் பாடமாட்டா."

"உங்கம்மா போட்டிக்கு வரலடி, நீதான் வர்ற. எழுத்தைப் பாரு."

வெள்ளிக்கிழமை அக்கரையில் மூன்றாம் இடம் கிடைத்தது. சித்திக்கு அது போதவில்லை. திரும்பும் கப்பலிலேயே ஆறு பேரையும் நிற்க வைத்து மறுபடி பாடவிட்டாள். அவள் கண் ஷோனாவின் வாயை விட்டு நகரவில்லை. ஷோனா ஒரு இடத்தில்கூடத் தப்பு விடவில்லை.