டிகாக்‌ஷனில் முக்கியெடுத்த பதினோரு பனியன்கள்

முதலில் மானம் போகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாகக் கால்பந்து பார்க்கிறேன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது. பக்கத்து ஆள் கத்தினால் நானும் கத்துவேன். அப்படிக் கத்தப் பழக்கியவன் சுலைமான், கோவை ஆர்.எஸ்.புரத்தில் தையல்கடை வைத்திருந்த சிநேகிதன். தொண்ணூறுகளின் நடுவில், பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு வால்பாறைக்குப் போனேன்.

அவன் பிறந்தது அங்கேதான். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் அவன் அப்பாவுக்கு டீக்கடை. அந்த எஸ்டேட் கால்பந்து அணியின் பனியன்களைக் கடை டிகாக்‌ஷனில் ஊறப்போட்டுப் பழுப்பாக்குவது வழக்கம். அப்பா போன பிறகு சுலைமான் அதே சாயம் போட்டு, முதுகில் எண் தைத்து, வருடா வருடம் பொங்கல் போட்டிக்குக் கொண்டுபோவான். சொந்த மனைவியின் ரவிக்கையை மூன்று மாதம் இழுத்தடிப்பவன், இதற்காக ஒரு வாரம் கடையையே சாத்துவான். (மனைவியே சொன்னது.)

காலை ஆறு மணிக்கு உக்கடத்தில் பஸ். பொள்ளாச்சி நாற்பது கிலோமீட்டர், அங்கிருந்து வால்பாறை அறுபத்தைந்து. ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதிலேயே நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டேன்.

"இன்னும் முப்பத்தொண்ணு இருக்குதுங்க," என்று கண்டக்டர் ஆறுதல் சொன்னார். சுலைமான் பனியன் மூட்டையை என்னிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டான்.

மைதானத்தைச் சுற்றிப் புதிதாகப் படுதா கட்டியிருந்தார்கள். கோப்பை கொடுப்பது ஒரு சோப்புக் கம்பெனியாம். முன்பு சும்மா உட்கார்ந்த புல்மேட்டுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். முன்வரிசை நாற்காலிகளில் டீலர்கள். வாசலில் ஆளுக்கொரு துணி சோப்பு இலவசம். வாங்கிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

எஸ்டேட் அணியின் கேப்டன் தங்கராசு பளபளக்கும் நீல நைலானில் வந்தான்.

"பாய், கோவிச்சுக்காதீங்க. கம்பெனி பனியனப் போட்டாத்தான் ஆட உடுவாங்களாமுங்க."

சுலைமான் தங்கராசுவின் இடுப்பில் துணியைப் பிடித்துப் பார்த்தான்.

"ஏங்கண்ணு, இத எவன் தெச்சான்? உள்ள ரெண்டு பேரு குடித்தனம் பண்ணலாம். காத்தடிச்சா பறந்துருவே. திரும்பு."

ஊசியை எடுத்தான். பதினோரு பேருக்கும் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்தான். அவனுடைய மூட்டை பிரிக்கப்படவே இல்லை.

எதிரணி மஞ்சள், ஆனால் இரண்டு அணிகளின் நெஞ்சிலும் ஒரே சோப்பு. கோல் விழுந்தால் மைக்கில் அடித்தவன் பெயருக்கு முன்னால் சோப்பின் பெயர் வந்தது. நம் எஸ்டேட்தான் ஜெயித்தது. புகைப்படத்தில் டீலர்கள் நின்றார்கள். தொண்டை கிழியக் கத்தியவர்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள்.

"யாருங்க ஜெயிச்சது?" என்றார் வெளியே சுண்டல் விற்றவர்.

"சோப்புங்க," என்றான் சுலைமான்.

திரும்பும்போது நாற்பது வளைவிலும் அவன் வாய் திறக்கவில்லை. எனக்கு வாந்தியாவது வந்திருக்கலாம், பேச ஏதாவது கிடைத்திருக்கும். உக்கடத்தில் இறங்கியபோது மூட்டையிலிருந்து ஒரு பனியனை உருவி என் கையில் திணித்தான்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் வேண்டும். வெறும் வயிற்றோடு பஸ் ஏறுங்கள். இறங்கியதுமே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சாயப் பனியன் யாராவது கொடுத்தால் துவைக்காதீர்கள். நான் துவைத்தேன், அந்த இலவச சோப்பில்தான். பழுப்பு வெளுத்ததும் நெஞ்சில் தவிட்டு நிறக் கொட்டை எழுத்தில் ஒரு திருப்பூர் பனியன் கம்பெனியின் பெயர் தெரிந்தது. சுலைமானிடம் காட்டினேன்.

"அப்பா காலத்துலருந்தே அவங்க வெளம்பரத்துக்கு ஓசியில குடுக்கறதுதானுங்க. அந்தப் பேர மறைக்கத்தான் டிகாக்‌ஷன்ல முக்குனதே."