மேசையை விட்டு இறங்கிய குருவானவர்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாகப்பட்டினத்துக் கப்பல் சிங்கப்பூர்த் துறையை அடைந்தது. தோ பாயோ குடியிருப்புக்கு டாக்சி மூன்று வெள்ளி, அதாவது மூன்று சிங்கப்பூர் டாலர். தங்கை கிரேஸ் புது அடுக்குமாடியில் ஏழாம் மாடியில் இருக்கிறாள். “லிஃப்ட் ஓடலைன்னா பெட்டிய கீழயே வச்சிடுங்கண்ணே, ஏற முடியாது லா,” என்றார் தமிழ் ஓட்டுநர்; பேச்சின் முடிவில் ‘லா’ சேர்ப்பது இங்கத்துப் பழக்கம். லிஃப்ட் ஓடியது.

தன் மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்கவே என்னை அழைத்திருந்தாள். ஞானத்தகப்பன் சபை முன் “விசுவாசிக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். என்னால் முடியாது என்றேன். எங்கள் ஊர்த் தேவாலயம் சபை நிர்வாகத் தேர்தல் தகராறில் நீதிமன்றம் போய், இரு கட்சியும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டிருந்தன. அப்பா இறந்தபோது எவரும் திறக்கவில்லை. சவப்பெட்டியைத் தெருவில் வைத்து ஜெபித்தோம். அன்றோடு தேவாலயம் போவதை விட்டேன்.

“அப்பாவுக்கு நடந்தது எனக்கும் வலிக்குதுண்ணே. ஆனா நீங்க நிக்கலைன்னா வேற யாரையும் நிறுத்த மாட்டேன். பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமலே இருக்கட்டும்,” என்றாள் கிரேஸ்.

ஞாயிறு காலை எட்டு மணி. சிராங்கூன் சாலைக்கு அருகே தேவாலயம். தமிழ் ஆராதனை முடிந்ததும் சீனர் ஆராதனை; அவர்கள் முன்பே வந்து வாசலில் நின்றார்கள். முன் வரிசையில் இருந்த செயலாளர் செல்லையாவைக் கிரேஸ் காட்டினாள். ஞாயிறு பள்ளியை ஆங்கிலத்தில் நடத்தக் கேட்டவராம். குருவானவர் போன வாரம் அவரைச் சபை நடுவே வைது தீர்த்தாராம். இங்கும் இதே கதைதான் என்று நினைத்தேன்.

திருவிருந்து மேசையின் துணியை எடுத்த குருவானவர், அப்பத்தைத் தொடாமல் நின்றார். சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்பது வேத வசனம். பிறகு படியிறங்கி முன் வரிசைக்குப் போனார்.

“செல்லையா, எல்லார் முன்னாலயும் உங்களைத் திட்டினேன். எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்குறேன்.”

செல்லையா எழுந்தார். “ஸ்கூல் விஷயத்துல நான் மாறல, ஐயா.”

“நானும்தான் மாறல. மன்னிப்பீங்களா?”

“மன்னிச்சாச்சு. போய் நடத்துங்க, சீனங்க வெளியே நிக்கிறாங்க லா.”

யாரோ சிரித்தார்கள். குருவானவர் மேசைக்குத் திரும்பி அப்பத்தை எடுத்தார். பெரிய வார்த்தை எதுவும் பேசப்படவில்லை. ஆனால் எங்கள் ஊரில் அந்த நாலு எட்டு நடக்க ஒருவரும் இல்லை, நானும் நடக்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையை ஏந்தி நின்றேன். “விசுவாசிக்கிறீர்களா?” என்று குருவானவர் கேட்டார். “விசுவாசிக்கிறேன்,” என்றேன். கிரேஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை கப்பல் நகர்ந்தது. சிங்கப்பூரில் சண்டையில்லாத சபையைக் கண்டேன் என்று எழுதினால் பொய். ஊரில் வழக்கு நடத்தும் இருவரில் ஒருவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். அப்பா போன நாளிலிருந்து அவரோடு பேச்சில்லை. இறங்கியதும் முதலில் அவர் கதவைத் தட்ட வேண்டும்.