கயிறு நாத்தனார் கையில்

போன வருஷம் ஐப்பசி மாதம், தூத்துக்குடியில் விடாத அடைமழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கரண்டும் இல்லை. மணப்பாட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன மாமியார் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். என் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறவர். அப்போது எந்தக் கடலில் இருந்தாரோ. ஆக, வீட்டில் நானும் என் நாத்தனாரும் மட்டும். எங்கள் இரண்டு பேரையும் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த இடத்திலேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்துத் தமிழில் விமர்சனம் செய்கிறவள். சிரிக்க வேண்டாம். யூடியூபில் எனக்கென்று ஒரு கூட்டமே இருக்கிறது. அதற்குக் காரணம் ஒரே ஒரு விதி. கடைசிவரை முடிக்காமல் எந்த விளையாட்டைப் பற்றியும் நான் வாய் திறக்க மாட்டேன். பாதி விளையாடிவிட்டு 'சூப்பர்', 'மொக்கை' என்று தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எவ்வளவு கஷ்டமான விளையாட்டாக இருந்தாலும் முடிப்பேன், தனியாகவே முடிப்பேன். துணைக்கு ஆள் சேர்ப்பது, பரீட்சையில் பக்கத்தில் இருப்பவள் பேப்பரைப் பார்த்து எழுதுகிற மாதிரி எனக்கு.

நாத்தனார் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். காலையில் பல் தேய்க்கும்போதே போனைக் காதில் வைத்துவிடுவாள். 'கன்டெய்னர் இப்ப எங்க நிக்கி? கேட்டுக்குள்ள வந்துட்டா இல்லையா?' என்று அவள் போடுகிற சத்தத்தில் எனக்கு அலாரமே தேவைப்படாது. எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் கிடையாது. குழம்பில் புளி கூடிவிட்டது, டி.வி. சத்தம் அதிகம் என்று தினசரிச் சில்லறைதான். ஆனால் நான் கேம் கன்சோலைக் கையில் எடுத்தால் மட்டும் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. 'கல்யாணமான பொம்பள பொம்மையக் குதிக்க வச்சிட்டு இருக்கிற அழகப் பாரு' என்பாள். நானும் விடுவேனா? 'நீ கன்டெய்னரக் குதிக்க வைக்க, நான் பொம்மையக் குதிக்க வைக்கேன்' என்பேன்.

அந்த மழை நேரத்தில் என் கையில் இருந்தது புத்தம் புதிய விளையாட்டு. வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு, வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. எங்கள் கடற்கரையின் முத்துக் குளிப்புதான் கதை. கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி, பாறைக்குப் பாறை தாவி, சிப்பி எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். ரோக்லைட் வகை. அதாவது, செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு தடவையும் கடலடிப் பாதை மாறிப்போகும். எங்கள் ஊர் உப்பளம் மாதிரிதான். ஒரு மழை பெய்தால் விளைந்ததெல்லாம் கரைந்து போகும், திரும்பப் பாத்தி கட்ட வேண்டும். ஆனால் பழகிய கைப்பக்குவம் கரைவதில்லை. இந்த விளையாட்டிலும் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் கொஞ்சம் பெரிய பை, கொஞ்சம் கூடுதல் மூச்சு என்று ஏதாவது ஒன்று நம்மோடு தங்கும்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு வெளியாகிறது. தமிழில் அதைப் பற்றி முதலில் பேசப் போகிறவள் நான். அந்தப் பையன்கள் எனக்கு அனுப்பிய செய்தி இதுதான்: 'அக்கா, நல்லா இருக்குன்னாலும் சரி, இல்லன்னாலும் சரி. முடிச்சிட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்றத வச்சித்தான் நம்ம ஆளுங்க தொட்டே பாப்பாங்க.'

அதுதான் சிக்கல். என்னால் முடிக்க முடியவில்லை.

கடைசிப் பாரில், அதாவது சிப்பி விளைகிற கடலடித் திட்டில், மணலுக்குள் ஒரு ராட்சதத் திருக்கை மீன் புதைந்து கிடக்கும். அதன் பக்கத்தில் இருக்கும் சிப்பியை எடுத்ததும் இடுப்புக் கயிற்றைச் சுண்ட வேண்டும். மேலே படகில் இருப்பவர் நம்மை இழுப்பார். ஆனால் அவர் இழுப்பதற்குள் திருக்கை முழித்து வாலால் ஓர் அடி. கதை முடிந்தது. முன்னாடி சுண்டிப் பார்த்தேன், பின்னாடி சுண்டிப் பார்த்தேன், ஒளிந்து நின்று சுண்டிப் பார்த்தேன். சாவுதான். வியாழக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக விதியை மீறி, முடிக்காமலே ஒரு விமர்சனம் பதிவு செய்தேன். 'இதைச் செய்தவர்களே இதை முடித்திருக்க மாட்டார்கள்' என்று வெளுத்து வாங்கியிருந்தேன். கரண்ட் வந்ததும் ஏற்றிவிட வேண்டியதுதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அந்தப் பையன்கள் கேட்டது ஒன்றே ஒன்று, அதைக்கூட நான் செய்யவில்லையே என்று உறுத்தியது. சரி, இருக்கிற சார்ஜுக்கு இன்னொரு தடவை என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன்.

நாத்தனாரின் போன் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. அவளை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை. கையில் கடுங்காப்பியோடு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தவள், கடைசியில் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் சாவதைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தாள்.

"எம்மா, எத்தன தடவதான் சாகுதிய மைனி?"

விளையாட்டு மறுபடி தொடக்கத்துக்கு வந்தது. எப்போதும் போல, 'கயிறு யார் கையில்?' என்ற கேள்வி திரையில் வந்தது. 'கணினி', 'கூட இருப்பவர்' என்று இரண்டு பதில்கள். முதல் நாளிலிருந்து நான் யோசிக்காமல் தட்டுகிற மாதிரியே 'கணினி' என்று தட்டினேன். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. சாதாரணச் சிரிப்பா அது! காப்பி என் தோளில் தெறித்தது.

"கயிறு யாரு கையிலன்னு எவ்வளவு தெளிவாக் கேக்கான். நீங்க மிஷின் கையிலங்கிய. வெளங்கும்!"

"அதுல என்னளா இருக்கு?"

"ஆத்தூர்க்காரிக்கு வெத்தலக் கொடியத் தெரியும், கயித்த எங்க தெரியும்?" என்று என் பிறந்த ஊரைச் சொல்லிக் குத்தியபடியே பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க தாத்தா முத்துக் குளிச்ச ஆளு. சாமியாரே வந்து கேட்டாலும் கயித்தக் குடுக்க மாட்டாராம். மச்சான் கையில மட்டுந்தான் குடுப்பாரு. மச்சான் அசந்து கயித்த விட்டா அறுந்து போறது யாரு தாலி? அவன் கூடப் பொறந்தவ தாலி. அதனால அவனுக்குத் தூக்கமே வராது. ஒங்க மிஷினுக்கு எந்த அக்கா இருக்கா, எந்தத் தங்கச்சி இருக்கா?"

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதைச் சும்மா ஒரு பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பையன்கள் எங்கள் கடற்கரையை நன்றாக விசாரித்துத்தான் செய்திருக்கிறார்கள். இந்தக் கரைக்கு வாக்கப்பட்ட எனக்குத்தான் கேள்வி புரியவில்லை.

"சரி, எனக்கு இங்கன மச்சான் எங்க இருக்கான்?" என்றேன் நான். "ஒங்கிட்டக் குடுக்கதுக்குத் திருக்கைகிட்டயே குடுத்துரலாம்."

"குடுத்துத்தான் பாருங்களேன். ஒங்களக் கடலுக்குள்ள விட்டுட்டு எங்கண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு என்னவோ செய்தது. கன்சோலின் ஒரு பக்கக் கைப்பிடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். 'கூட இருப்பவர்' என்று தட்டியதும் திரை இரண்டாகப் பிரிந்தது. கீழே கடலடி, அது எனக்கு. மேலே படகும், என் மூச்சுக் குமிழிகள் வந்து உடைகிற கடல் மட்டமும், அது அவளுக்கு.

முதலில் நாங்கள் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. நான் கயிற்றைச் சுண்டும்போது அவள் காப்பி குடித்துக்கொண்டிருப்பாள். நான் சும்மா இருக்கும்போது இழுத்துவிடுவாள். ஆபீஸ் பழக்கம் வேறு போகவில்லை. "இப்ப என்ன பொசிஷன் மைனி? ரெடியா? லிஃப்ட் பண்ணட்டா?" என்று உயிர் போகிற நேரத்தில் கேள்வி மேல் கேள்வி.

"எதுக்குளா இழுத்த? நான் சுண்டவே இல்லையே!"

"குமிழி கொறஞ்சிச்சி."

"மூச்சு பாதி கெடக்கு பாரு, அந்தப் பச்சக் கோடு!"

"அது ஒங்க பக்கம். எனக்குக் குமிழிதான் தெரியுது. நான் அதத்தான் பாப்பேன்."

'சவத்த விடு, இவளோடு விளையாடி முடித்தமாதிரிதான்' என்று கையைக் கீழே வைக்கப் போனேன். அவள் விடவில்லை. "ஏ மைனி, எடுங்க. இன்னைக்கு அந்தத் திருக்கையா நாமளான்னு பாத்துருவோம்" என்றாள். 'நாம' என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அவள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

போகப் போகக் கை பழகியது. நான் தாவுகிற தாவலுக்கு அவள் கயிறு விட்டுக் கொடுத்தாள். பாறை இடுக்கில் நான் மாட்டினால் பைய இழுத்துத் தூக்கிவிட்டாள். நான் சுண்டிய கையோடு மேலே போனேன். கணினி ஒரு நாளும் அப்படி இழுத்ததில்லை. சாயங்காலம் மழை கொஞ்சம் வெறித்த நேரத்தில் கடைசிப் பாருக்கு வந்து சேர்ந்தோம். சார்ஜும் அடிமட்டத்தில் இருந்தது. இதில் செத்தால் அவ்வளவுதான், அந்தத் திட்டு விமர்சனம்தான் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகும்.

திருக்கையின் பக்கத்தில் பையப் போய்ச் சிப்பியை எடுத்தேன். அது அசையவில்லை. சுண்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இன்னொரு சிப்பி பளபளத்தது, முந்தியதைவிடப் பெரிசு. எத்தனை விளையாட்டு விளையாடிய கை இது! அதை விட்டுவிட்டு வர முடியுமா? சுண்டாமல் அதை நோக்கித் தாவினேன். இன்னும் ஒரு நொடியில் விரல் தொட்டிருக்கும், பார்த்தால் என் ஆள் அப்படியே பின்பக்கமாக மேலே போகிறான்.

"கோட்டிக்காரி! யாரு ஒன்ன இழுக்கச் சொன்னது?" என்று கத்தியேவிட்டேன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மணல் வெடித்தது. திருக்கை எழுந்து, நான் நின்றிருந்த இடத்தில் வாலை வீசியது. அப்போதுதான் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தேன். கோடே இல்லை. மூச்சு தீர்ந்து போயிருந்தது. சிப்பியைப் பார்த்த கண் அதைப் பார்க்கவே இல்லை. அவள் ஒரு நொடி பிந்தியிருந்தாலும் வால் அடிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தலை வெளியே வந்தது. படகில் ஏறினேன். விளையாட்டு முடிந்தது! படகு கரையைப் பார்த்துப் போனது. அதற்குள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் போட்ட கூச்சலில் மாடி வீட்டு அக்கா "என்னாச்சுளா, தண்ணி உள்ள வந்துட்டா?" என்று பதறி எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் கையைக் கோத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தோம். கோத்திருப்பது தெரிந்ததும் இரண்டு பேருமே கையை எடுத்துக்கொண்டோம். வெட்கம்தான்.

"எப்படிளா தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"குமிழி நின்னுட்டு மைனி" என்றாள். "நீங்க கூப்பிடுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கூப்பிடல. பயந்துட்டேன்."

பொம்மை ஆட்டம்தானே என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கரண்ட் வந்ததும் முதல் வேலையாகப் பழைய விமர்சனத்தை அழித்தேன். புதிதாகப் பேசினேன். அதற்காகப் புகழ்ந்து தள்ளிவிடவில்லை. கணினி கயிறு இழுக்கிற லட்சணம் மோசம், தனியாக விளையாடுகிறவர்களுக்கு இது அநியாயம் என்று பட்டென்று சொன்னேன். பையன்களும் ஒத்துக்கொண்டு அதைச் சரிசெய்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்த விஷயத்தில் நான் சொன்னது சரி என்பதை இங்கேயும் பதிவு செய்கிறேன். ஆனால் முக்கியமாகச் சொன்னது வேறு: 'இதைத் தனியாக விளையாடாதீர்கள். உங்கள் மேல் அக்கறை உள்ள யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். சண்டைக்காரியாக இருந்தாலும் பரவாயில்லை.' நாத்தனார் முகத்தைக் காட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். "ஆபீஸ்ல அண்ணாச்சிமாரு பாத்தா என் மானம் போயிரும்" என்றாள். ஆனால் வீடியோவில் "லிஃப்ட் பண்ணட்டா?" என்ற அவள் குரல் கேட்கும். இப்போது என்னைவிட அவளுக்குத்தான் ரசிகர்கள் அதிகம்.

கப்பலிலிருந்து போன் வந்தபோது கணவரிடம் சொன்னேன். அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. "யாரு யாருக்குக் கயிறு பிடிச்சா? திரும்பச் சொல்லு" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள் ஒரே நாளில் உடன்பிறவாச் சகோதரிகள் ஆகிவிட்டோம் என்றெல்லாம் கதை விடமாட்டேன். நேற்றுகூடப் புளிக்குச் சண்டை. ஆனால் நான் வீடியோ வேலையில் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தால், முன்னைப் போல அவள் பொம்மை ஆட்டம் என்று சொல்வதில்லை. தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "குமிழி கொறையுது மைனி" என்பாள். நானும் மறுபேச்சில்லாமல் எழுந்துவிடுவேன்.

தனியாக எத்தனையோ விளையாட்டுகளை ஜெயித்திருக்கிறேன், அவற்றின் முடிவுகள் ஒன்றுகூட இப்போது ஞாபகத்தில் இல்லை. ஆனால் நான் கூப்பிடாதபோதும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்து இழுத்த அந்தக் கையை மட்டும், என் மூச்சு இருக்கும்வரை மறக்க மாட்டேன்.