பிரபுவுக்கு மூன்று கையெழுத்து, எனக்கு ஒன்று

என் கணவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஆறு வருடமாக நான் ஒரு பிரபுவிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கண்ணை உருட்ட வேண்டாம், அவர் செத்து முந்நூறு வருடம் இருக்கும். இத்தாலியில், பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டின் சாப்பாட்டு அறையில் எண்ணெய் வர்ணப் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். என் சின்னோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், பரம்பரையில் ஒரு முப்பாட்டன். பெரிய மூக்கு, கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த வெள்ளைத் துணி, மடியில் ஒரு நாய். கதிரையில் சாய்ந்து, ஒரு வேலையும் இல்லாத மனிதனின் முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டேயிருப்பார். தினமும் காலையில் என் பழைய சீலைத் துண்டால் சட்டத்தைத் துடைத்தபடி அவரோடு கதைப்பேன். "என்ன பார்வை? எழும்பி ஒரு கோப்பையைக் கழுவினா மூக்குத் தேய்ஞ்சு போமோ?" என்பேன். அவர் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

என்னுடைய மனுஷன் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தொலைபேசியில் "சாப்பிட்டியளோ?" என்று கேட்டு முடிப்பதற்குள் தொடர்பு அறுந்துவிடும். அவரை என்னிடம் இத்தாலிக்குக் கூப்பிட வேண்டுமென்றால் குவெஸ்தூராவில், வெளிநாட்டுக்காரருக்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கும் பொலிஸ் கந்தோரில், ஒரு கடதாசி கேட்டார்கள். இவள் என் வீட்டில் வேலை செய்கிறாள், தொடர்ந்தும் செய்வாள் என்று சின்னோரா கையெழுத்து வைத்துத் தர வேண்டும். கடதாசியில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சின்னோரா சொல்லும் ஒரே பதில், "டொமானி." நாளைக்கு. அந்த நாளைக்கு நாலு மாதமாக வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை குவெஸ்தூராவில் எனக்குக் கடைசித் தவணை.

போர்கோ வெக்கியோ என்ற பேட்டையில் என்னோடு ஒரே அறையில் இருந்த மச்சாளுக்கு, அதாவது என் மனுஷனின் தங்கைக்கு, என் மேல்தான் கோபம். "நீங்கள் கேக்கிற விதம் பிழை, மச்சாள். சண்டைக்குப் போற மாதிரிக் கேட்டா ஆர் தருவினம்? கெஞ்சிக் கேளுங்கோ."

"கெஞ்சினனான். அந்த மனுசி காது கேக்காத மாதிரி இருக்குது."

"எண்டா அந்தக் கடதாசியைக் கைப்பையிலையே வைச்சுக்கொண்டு திரியுங்கோ. எந்த நேரம் மனசு மாறுமோ தெரியாது."

சரி என்று வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரம்தான் பிரபுவைக் கூட்டிப்போக ஆட்கள் வந்தார்கள். பகேரியாவுக்குப் போகும் வழியில் கடலோரமாக ஒரு பழைய கோட்டை இருக்கிறது. கோடை முழுக்க அங்கே பழங்காலப் படங்களையும் இந்தக் காலத்துக் கலைஞர்கள் செய்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப் போகிறார்களாம். வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர் படத்தைக் கழற்றி மேசையில் கிடத்தி, பூதக்கண்ணாடியால் பார்த்துப் பட்டியல் எழுதினார்கள். இடது காதுக்குக் கீழே வெடிப்பு. நாயின் வாலில் நிறம் உரிந்திருக்கிறது. சட்டத்தின் மூலையில் புழு அரித்திருக்கிறது. திரும்பக் கொண்டுவரும்போது இதற்கு மேல் ஒரு கீறல் இருந்தால் அவர்கள் பொறுப்பு. பிறகு மூன்று கடதாசியை நீட்டினார்கள். சின்னோரா கண்ணாடியைப் போட்டார், மூன்றிலும் சர் சர்ரென்று கையெழுத்து வைத்தார். கோப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று பாத்திரங்களை நான் எப்படிக் கழுவினேன் என்று மேல்மாடிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். செத்த மனிதன் ஊர் சுற்றிப் பார்க்க மூன்று கையெழுத்து, உயிரோடு இருக்கிற என் மனுஷனுக்கு டொமானியா?

சனிக்கிழமை பின்னேரம் கோட்டையில் திறப்பு விழா. சின்னோராவின் மருந்து, விசிறி, சால்வை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நானும் போனேன். புதுச் சப்பாத்து வேறு, குதிக்காலைக் கடித்துத் தின்றது. உள்ளே போனால் ஒரு கூத்து. இரும்புக் கவசம் போட்ட போர்வீரனுக்குப் பக்கத்தில் இஸ்திரி மேசை. கன்னி மரியாளுக்கு எதிரே படம் தெரியாமல் ஒரே மழைக்கோடாக ஓடும் டெலிவிஷன் பெட்டிகள் ஆறு. எங்கள் அறையில் அப்படி ஓடினால் நான் தலையில் ஒரு தட்டுத் தட்டுவேன். இங்கே கைகட்டி நின்று பார்க்கிறார்கள்.

சின்னோரா தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டு பின்தங்கிவிட்டார். நான் முன்னே நடந்து கடைசி அறைக்குப் போனேன். அங்கே என் பிரபு, தனிச் சுவரில், விளக்கு வெளிச்சத்தில், மாப்பிள்ளை மாதிரி. அவருக்கு நேர் எதிரே ஒரு சாதாரண வைக்கோல் கதிரை. எங்கள் குசினியில் இருப்பதே தான். காவல்காரர் இருக்கிற கதிரையாக்கும் என்று நினைத்துப் பொத்தென்று இருந்தேன், சப்பாத்தையும் கழற்றினேன். தெரிந்த முகத்தைக் கண்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"உமக்கென்னப்பா, ராசா. வாகனத்திலை வந்தீர், வெளிச்சமெல்லாம் போட்டு வைச்சிருக்கினம். அங்கை ஒரு மனுசன் லொட்ஜிலை மூட்டைப்பூச்சியோடை கிடக்குது. உம்மடை பேத்திக்குப் பேனை பிடிக்க ஏலாதாம். நீராவது ஒருக்கா சொல்லும்!"

திரும்பிப் பார்த்தால் இருபது பேர் நிற்கிறார்கள். ஒருவர் படம் எடுக்கிறார். எழும்பப் போனேன். மெலிந்த தாடிக்காரப் பெடியன் ஒருவன் பாய்ந்து வந்தான். அந்தக் கதிரையைச் செய்தவன், இல்லை, அங்கே வைத்தவன் அவன்தானாம். (இத்தாலியத்தில் சொன்னதை என் தமிழில்தான் சொல்கிறேன். எனக்கு அதில்தான் வேகம் வரும்.) "எழும்பாதேங்கோ! பிரபுவோடை ஆராவது வந்து இருந்து கதைக்க வேணும், அதுதான் என்ரை படைப்பு. கதவு திறந்ததிலையிருந்து ஒருத்தரும் இருக்கேல்லை. நீங்கள்தான் முதல் ஆள். கதையுங்கோ, கதையுங்கோ!"

அந்த நேரம் பார்த்துச் சின்னோரா தடியை ஊன்றி, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். ஆறு வருடத்தில் அவர் முன்னால் நான் கதிரையில் இருந்ததில்லை. வயது போனவர் வந்தால் எங்களுக்குக் கால் தானாக எழும்பிவிடும். பெடியன் இரண்டு கையாலும் இருங்கோ இருங்கோ என்று சைகை காட்டுகிறான்.

"தம்பி, உம்மடை படைப்பை உலையிலை போடும். வயசு போன மனுசி நிக்குது, நான் இருக்கிறதோ?" என்று வெறுங்காலோடு எழும்பி, சின்னோராவைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன். சால்வையும் போட்டுவிட்டேன். வைரமாலை போட்ட ஒரு பெண் குனிந்து, "இந்தப் பெண் ஆர்?" என்று கேட்டார்.

சின்னோரா பெருமையோடு விசிறியை ஆட்டினார். "இந்தப் படமும் என்ரை, இவளும் என்ரை."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அழுகையும் வந்தது, அதைக் காட்ட மனமில்லை. கைப்பையைத் திறந்து கடதாசியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "பிரபு உங்கடை எண்டதுக்கு மூண்டு கையெழுத்து வைச்சியள். நானும் உங்கடை எண்டா எங்கை சின்னோரா கையெழுத்து?"

யாரோ கை தட்டினார்கள், எல்லாரும் தட்டினார்கள். இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள் போல. தாடிக்காரப் பெடியன் பேனையை நீட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது, எதற்கென்று அவனுக்குத்தான் தெரியும்.

சின்னோரா என்னைக் குனியச் சொன்னார். என் காதுக்குள் மட்டும் கேட்கும்படி, "அவன் வந்தா நீ என்னை விட்டிட்டுப் போயிடுவாய்" என்றார்.

நாலு மாத டொமானியின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. எனக்கிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "விசர்க் கதை கதையாதேங்கோ. திங்கட்கிழமை குவெஸ்தூராவுக்குப் போட்டு நேரை உங்களிட்டைத்தான் வாறன்" என்றேன். அவர் கையெழுத்து வைத்தார். விரலில் பட்ட மையைக் கைப்பையில் கிடந்த சீலைத் துண்டால் துடைத்துவிட்டேன்.

மாரி தொடங்கும்போது பிரபு வீட்டுக்கு வந்தார். கையுறைக்காரர்கள் பட்டியலை வைத்துப் பார்த்தார்கள். காது வெடிப்பு, நாய் வால், புழு, எல்லாம் முன்பு இருந்தபடியே. சின்னோரா பேனையை என் பக்கம் தள்ளிவிட்டதால் பெற்றுக்கொண்டதாக நான்தான் கையெழுத்து வைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து என் மனுஷன் விமானத்தால் இறங்கினார். முன்மயிர் கொட்டியிருந்தது. ஒரு பல் இல்லை. இடது புருவத்தில் எனக்குத் தெரியாத ஒரு தழும்பு. என் கண் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனது.

"என்ன அப்பிடிப் பாக்கிறாய்?"

"பட்டியல் எடுக்கிறன்."

"குறை கனக்கவோ?"

"ஓம், கனக்க. கையெழுத்து வைச்சாச்சு, இனித் திருப்பி அனுப்ப ஏலாது."

அவர் சிரித்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். "ஆறு வருசக் கதை இருக்குமே, சொல்லன்" என்றார். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. எல்லாவற்றையும் பிரபுவிடம் சொல்லி முடித்திருந்தேன்.