கூழாங்கற்கள் காட்டிய திசை

மார்பிள் பார் ஊரில் வெயில்காலம் முழுக்க லாரி ஓட்டும் பெண் நோரீன் கிட்சன். குளிர்காலத்தில் எங்கள் பல்கலைக்கழகக் குழுவுக்காகப் பாறையில் துளை போடுவார். திசைகாட்டி ஊசி பிறழும் என்பதால், திசை குறிக்கும் இடத்துக்கு இரும்புச் சாமான் எதுவும் வரக்கூடாது என்பது அவர் சட்டம். இரும்புக் கொக்கி வைத்த பெல்ட்டைக் கழற்ற மறுத்த எங்கள் பேராசிரியர் கஸ் ட்ரெங்கோவையே, "பேண்ட் நழுவினா நழுவட்டும்யா, பாறையா வெக்கப்படப் போகுது?" என்று வண்டிக்குத் துரத்தியவர்.

எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்த வடக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிற்பாடு கடும் சூடு பட்டால் பழைய திசை அழிந்து புதியது பதியும். முந்நூறு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட எரிமலைக் குன்று ஒன்றை எங்களுக்குக் காட்டியதே நோரீன்தான். அது சூடுபடாத பாறை என்று அடித்துச் சொன்னார். பட்டிருந்தால் அவர் குன்றை விட்டுவிட்டு எங்கள் முகாம் வேறிடம் போய்விடும்.

குன்றிலிருந்து உடைந்து, பழைய ஆறொன்றில் உருண்டு, மறுபடி பாறையாக இறுகிய கூழாங்கற்கள் அடிவாரத்தில் இருந்தன. அவை ஆளுக்கொரு திசை காட்டினால் பழைய பதிவு பிழைத்திருக்கிறது. எல்லாம் ஒரே திசை காட்டினால், உருண்டு முடிந்தபின் சூடு பட்டிருக்கிறது. துளையிட்ட ஒவ்வொரு துண்டையும் வெளியே எடுக்குமுன், திசைகாட்டியையும் சூரிய நிழலையும் வைத்து நோரீன் அதில் அம்புக்குறி போட்டார்.

பெர்த் நகர ஆய்வகத்தில் அளந்து முடித்து நான்தான் திசைப் படத்தைக் கொண்டுவந்தேன். மதுக்கடை மேசையில் விரித்தோம். கல்லுக்கு ஒன்றாகப் போட்ட புள்ளிகளெல்லாம் ஒரே மூலையில் குவிந்து கிடந்தன.

நோரீன் குனிந்து பார்த்தார். "அம்பைத் தப்பாப் போட்டுட்டேனோ?"

"தப்பாப் போட்டிருந்தா சிதறியிருக்கும்," என்றார் கஸ். "ஜெயிச்சுட்டோம்னு நாமளும் குதிச்சிருப்போம்."

"அப்போ ஒழுங்கா வேலை பாத்துத்தான் தோத்தேனா?"

"ஆமா நோரீன்."

"உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதாய்யா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு புள்ளிக் குவியலின் மேல் விரலை வைத்து அழுத்தினார். "சரி, என் குன்றைச் சுட்டது யாரு? எப்போ? அதையாவது சொல்லு."

கஸ் மேற்கே கைகாட்டினார். அங்கே கிடக்கும், ஒரு காலத்தில் கொதிக்கும் குழம்பாய் மேலெழுந்த கருங்கல் மலையையும் சேர்த்து அளக்கலாமா என்று என்னிடம் கேட்டார். அதற்குள் நோரீன் படத்தைச் சுருட்டித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே போகத் தயாரானார்.