குடைக்குக் கீழே கோலாலம்பூர்

என் பெரியப்பாவின் குடை இன்னும் என்னிடம் இருக்கிறது. துணியை எத்தனையோ முறை மாற்றியாயிற்று. கம்பிகளில் பாதி புதியவை. பிரம்புப் பிடி மட்டும் அவர் காலத்தது. அவர் கை வியர்வை ஏறிக் கறுத்த இடம் அப்படியே இருக்கிறது. இப்போது அதை நான் ஊன்றுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறேன். குடையைக் கண்டால் மற்றவர்களுக்கு மழை நினைவுக்கு வரும், எனக்கு எரிச்சல்தான் வரும். கோலாலம்பூரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அழைத்துப்போய், இரண்டு நாளும் இந்தக் குடையின் உள்பக்கத்தை மட்டுமே காட்டிய மனிதர் அவர்.

பெரியப்பா மலாக்காவில், டுரியான் துங்கால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி. ஆபீஸ் வேலை முழுவதும் அவர் கையில். துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். ஆனால் அவருக்குத் துரையிடம் இருந்த பயத்தைவிட நாலு பேர் வாயிடம் இருந்த பயம் பெரியது. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் குழாயடிக்குப் போனால்கூடக் கோட்டை மாட்டிக்கொண்டுதான் போவார். என் அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட, பிள்ளையில்லாத அவரும் பெரியம்மாவும் என்னை எடுத்து வளர்த்தார்கள். சோற்றுக்கும் துணிக்கும் குறைவைக்கவில்லை, அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் வாசலில் நின்றால் ஒரு திட்டு, வாய்விட்டுச் சிரித்தால் ஒரு திட்டு.

எனக்குப் பதினேழு முடிந்த சமயம் ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மூட்டை முடிச்சோடு லாரியில் ஏறித் துறைமுகம் போன குடும்பங்களை நான் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில்தான் பெரியப்பா ஒரு முடிவைச் சொன்னார். இங்கே எனக்கொரு இடம் அமையாவிட்டால், என்னைக் கப்பல் ஏற்றி இந்தியாவில் இருக்கும் தம் தங்கையிடம் அனுப்பிவிடுவாராம். அங்கே பெண்டாட்டியை இழந்த வயதான ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறாராம். ‘ஊர் ஊர்’ என்று அவர்கள் சொல்லும் அந்த ஊரை நான் கண்டதில்லை. நான் பிறந்தது இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில். எனக்குத் தெரிந்த மண் இந்தச் செம்மண்தான். முன்பின் தெரியாத கிழவருக்கு முன்பின் தெரியாத ஊரில் கழுத்தை நீட்டுவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. சோறு இறங்காது.

இந்த நிலையில் ஒரு நாள் பெரியப்பா, “கெளம்புங்க, கோலாலம்பூர் போய்ச் சுத்திப் பாத்துட்டு வரலாம்” என்றார். எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம். மலாக்கா கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொல்லி வருஷக்கணக்காகக் கெஞ்சியும் அசையாதவர். வெள்ளைக்காரன் காகிதத்தில் எங்கள் மலாக்காவுக்கு மேலிடம் சிங்கப்பூர் என்றாலும், எங்கள் பேச்சில் தலைநகரம் என்றால் அது கோலாலம்பூர்தான். லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பெரிய திடலுக்கு எதிரே மணிக்கூண்டு இருக்கிறதாம், அதன் உச்சியில் செம்புத் தகட்டில் கும்மட்டமாம். மியூசியத்தில் பஞ்சு அடைத்த புலி நிற்கிறதாம். “பாத்துட்டு வந்து ஒண்ணுவிடாம சொல்லணும்லா” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

தோட்டத்து லாரியில் தம்பின் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறினோம். ரயில் கிளம்பியதுமே அவர் பாடம் ஆரம்பமாகிவிட்டது. “அங்க வந்து பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது. தலையக் குனிஞ்சு நட. யார் என்ன கேட்டாலும் பெரியம்மா பேசுவா.” வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போகிறவர், வேடிக்கை பார்க்காதே என்கிறார். உலகத்தில் வேறெங்காவது இப்படி உண்டா? பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் பெரியப்பா குடையை விரித்தார். கூரைக்குக் கீழே, வெயிலும் இல்லை மழையும் இல்லை, குடை. அதை என் தலைக்கு மேல் அவ்வளவு தாழ்வாகப் பிடித்தார். கம்பி நுனி என் புருவத்தை இடித்தது. அந்த ஸ்டேஷன் ராஜா அரண்மனை மாதிரி இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நான் கண்டது தரை. நன்றாகத்தான் இருந்தது, வழுவழுவென்று. அப்போதுதான் பக்கத்தில் பெரியப்பாவின் குரல் கேட்டது: “அடடே, நீங்களா? இந்தப் பக்கம் எங்க?” குடைக்குக் கீழே எனக்கு இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. ஒன்று பச்சைக் கரைச் சேலைக்குக் கீழே மெட்டி போட்ட, குதிகால் வெடித்த பாதம். இன்னொன்று வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து. அதில் ஒரு கால் கயிறு அறுந்துபோய், அதற்குப் பதிலாகப் புண்ணுக்குச் சுற்றும் பேண்டேஜ் துணியைக் கிழித்துக் கோத்திருந்தது. அதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அங்கிருந்து திடலுக்குப் போனோம். புல்லை வெட்டியிருந்த நேர்த்தியை நான் சொல்வேன். மணிக்கூண்டைப் பற்றி என்னைக் கேட்கக் கூடாது. மணி அடித்தது, காதால் கேட்டேன். நிமிரப் போனேன், குடை இன்னும் ஒரு சாண் இறங்கியது. மறுபடியும், “அடடே, நீங்களா?” மறுபடியும் அதே மெட்டி, அதே பேண்டேஜ் துணி. மியூசியத்தில் புலி இருந்த அறையில் மெழுகு தேய்த்த பலகைத் தரை. புலியின் பாதத்தை மட்டும் பார்த்தேன். பக்கத்திலேயே சப்பாத்து வந்து நின்றது. “அடடே, நீங்களா?” என்றார் பெரியப்பா, அதே ராகத்தில். அங்கேதான் எனக்கு உறைத்தது. அடப்பாவமே, இங்கே பார்க்க வைத்திருந்த காட்சி நான்தான்.

சாயங்காலம், நாங்கள் தங்கியிருந்த உறவுக்காரர் வீட்டுக் குழாயடியில் பெரியம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் மென்று விழுங்கிச் சொன்னார். மாப்பிள்ளை ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர். கூட வருவது அவர் அம்மா. எந்தத் தோட்டம் என்று கேட்டேன். லூபோக் சீனாப் பக்கமாம்.

லூபோக் சீனா! அவர்களும் மலாக்காக்காரர்கள், நாங்களும் மலாக்காக்காரர்கள். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். அவர்கள் ஒரு பக்கம் ரயில் ஏறி, நாங்கள் ஒரு பக்கம் ரயில் ஏறி, தலைநகரத்துக்கு வந்து, தற்செயலாகச் சந்திக்கிறோமாம். ஏனென்றால் வீட்டுக்கு வந்து பெண் பார்த்து வேண்டாம் என்று போய்விட்டால் பெண்ணின் பெயர் கெடும், தோட்டம் பூராவும் பேசும். வெளியூரில் போகிற போக்கில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்துக் கிராணி வீடுகளில் அப்படியொரு வழக்கம் இருந்தது. கோயில் திருவிழாவில் செய்வார்கள், பெரியப்பா ஒரு படி மேலே போய்த் தலைநகரத்தையே பிடித்துவிட்டார். “நாளைக்குப் பத்துமலை முருகன் கோயில். அதோட சரி. இது தட்டிப்போச்சுன்னா அவரு ஒன்னைக் கப்பல் ஏத்திருவாரு, நான் என்னம்மா பண்ணுவேன்?” என்று பெரியம்மா அழுதார். நானும் அழுதேன். அழுகைக்கு நடுவே எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

பத்துமலைப் படியில் வெயில் கொளுத்தியது. குடைக்கு அன்றைக்காவது ஒரு நியாயம் இருந்தது. சப்பாத்தைக் கீழே கழற்றிவிட்டு எல்லாரும் வெறுங்காலோடு ஏறினோம். படியில் கிடந்த வெற்றிலை எச்சிலையும் வாழைப்பழத் தோலையும் எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டே போனேன். மேலே குகைக்குள் நுழைந்ததும் பெரியப்பா குடையை மடக்கினார். சாமி சந்நிதியில் குடை பிடிக்க அவருக்கும் துணிவில்லை. அந்த நிமிஷம் நான் அண்ணாந்தேன். அவர் சொன்னது, கப்பல், கிழவர் எல்லாம் மறந்துபோயிற்று. மலை உச்சியில் ஓட்டை. அது வழியாக வானம் தெரிந்தது. வெளிச்சம் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது, அதில் புறாக்கள் பறந்தன. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

இதற்குள் மாப்பிள்ளையின் அம்மா பெரியப்பாவிடம் நேராக வந்துவிட்டார். நாலாவது ‘அடடே’வுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. “அண்ணே, நானும் ரெண்டு நாளாப் பாக்குறேன். பொண்ணு பாக்க வந்தோம், கொடையத்தான் பாத்தோம். மூஞ்சில அம்மத் தழும்பு கிழும்பு ஏதும் இருந்தா சொல்லிடுங்க, மனசுல வச்சுக்க மாட்டோம்.”

பெரியப்பா மடக்கிய குடையை மார்போடு அணைத்துக்கொண்டார். “எங்க வீட்டுப் பொண்ணு அடக்கமான பொண்ணுங்க” என்றார்.

“அடக்கம் இருக்கட்டும்ணே. மூஞ்சி இருக்கான்னு தெரியணும்ல.”

சொல்லிவிட்டு அவர் என்னிடம் வந்தார். அப்போதுதான் அந்தக் கால்களுக்கு உரிய முகத்தைப் பார்த்தேன். அகலமான முகம், வெற்றிலைச் சிவப்பு வாய். “என்னம்மா, கோலாலம்பூர் எப்படி இருந்துச்சு? என்னென்ன பாத்தே?” என்றார். பெரியம்மா முந்திக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். தலையைக் குனிந்து நின்றிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் இரண்டு நாள் எரிச்சல் தொண்டைக்கு வந்துவிட்டது. “ஒண்ணும் பாக்கலீங்க. தரையத்தான் பாத்தேன். உங்க காலைப் பாத்தேன். உங்க மகன் சப்பாத்துல கயித்துக்குப் பதிலா பேண்டேஜ் துணி கட்டியிருக்கு, அதையும் பாத்தேன்” என்றேன்.

பெரியப்பா குடையை நழுவவிட்டார். குகைக்குள் அது விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மாள் முதுகு குலுங்கச் சிரித்தார். “கேட்டியாடா” என்று பின்னால் திரும்பினார். அங்கே நின்றவர் தம் வெறும் பாதத்தைப் பார்த்துக்கொண்டு, “கயிறு அறுந்துருச்சு. கைக்கு அதான் கெடச்சுச்சு” என்றார். அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் குரல் பிடித்துவிட்டது.

திரும்பும் ரயிலில் பெரியப்பா தம்பின் வரைக்கும் ஒரே பாட்டு. “வாயத் தொறந்து கெடுத்துட்டியே. போச்சு, எல்லாம் போச்சு. கப்பல்தான்.” தோட்டத்துப் பெண்கள் ஓடிவந்து மணிக்கூண்டைப் பற்றிக் கேட்டார்கள். வாய்க்கு வந்தபடி அளந்துவிட்டேன். அடுத்த வாரமே லூபோக் சீனாவிலிருந்து ஆள் வந்தது, பெண் பிடித்திருக்கிறது, தேதி பாருங்கள் என்று. பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு தோட்டம் முழுக்கச் சொன்னார்: “பொண்ணோட அடக்கத்தப் பாத்தே ஒத்துக்கிட்டாங்க. கொடையப் புடிச்சேன் பாருங்க, அதுல இருக்கு.” என் காது படவே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. கோலாலம்பூர் பயணத்துக்கு முன்பே துரை அவரை நிறுத்தியாயிற்று. வேலை போனவரின் வீட்டுப் பெண் என்று தெரிந்தால் இடம் அமையாதென்று, கல்யாணம் வரை வெளியே தெரியக் கூடாதென்று துரையிடம் கெஞ்சிக் கேட்டு, பெரியம்மாவிடம்கூடச் சொல்லாமல் தினமும் கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் பக்கம் போய்வந்திருக்கிறார். கடைசியில் கப்பல் ஏறியது அவர்கள் இருவரும்தான். வழியனுப்ப நானும் என் கணவரும் துறைமுகத்துக்குப் போனோம். அவர் மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொடுத்துக்கொண்டே, “அந்த மணிக்கூண்ட நீங்களாவது பாத்தீங்களா பெரியப்பா?” என்று கேட்டுவைத்தேன். “எங்கம்மா பாத்தேன். அவங்க எந்தப் பக்கம் வர்றாங்கன்னு பாத்துக்கிட்டு கொடையப் புடிக்கவே சரியா இருந்துச்சு” என்றார். பிறகு குடையை என் கையில் திணித்தார். “இங்க மழை ஜாஸ்தி, வச்சுக்க. அங்க எனக்கு எதுக்கு?” சில வருஷங்களில் இருவரும் அங்கேயே முடிந்துபோனதாகச் செய்தி வந்தது. அந்த மனிதரைப் பிரியமாக நினைக்கும் போதெல்லாம் கோபமும் கூடவே வருகிறது.

என் கணவர் ஒவ்வொரு லீவுக்கும், “இந்தத் தடவை ஒன்னை மணிக்கூண்டு பாக்கக் கூட்டிட்டுப் போறேன்” என்பார். பிள்ளை பிறந்தது, யுத்தம் வந்தது, மறுபடி பிள்ளை பிறந்தது. அவரும் போய்விட்டார். போன மாதம் என் மகள், “வாங்கம்மா, கோலாலம்பூர் சுத்திக் காட்டுறேன்” என்று காரில் ஏற்றிக்கொண்டு போனாள். திடல் ஓரத்தில் இறக்கிவிட்டு, “அதோ பாருங்கம்மா” என்றாள். எங்கே பார்ப்பது? எனக்கு முதுகு கூன் விழுந்து வருஷங்களாகின்றன, கழுத்து நிமிராது. குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன், புல் தெரிந்தது. அன்றைக்குப் போலவே நேர்த்தியாக வெட்டியிருந்தார்கள். அந்தப் பேண்டேஜ் துணி கட்டிய சப்பாத்து எங்காவது தெரிகிறதா என்று பைத்தியக்காரி மாதிரித் தேடினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்கும் கோபம் வந்தது. பெரியப்பா குடையோடு விடவில்லை, என் முதுகையும் வளைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று திட்டிக்கொண்டேன்.

பிறகு ஒரு யோசனை தோன்றியது. குடையைப் புல்லில் போட்டேன், மெள்ளக் கையூன்றி உட்கார்ந்தேன், அப்படியே ஒருக்களித்து மல்லாந்தேன். மகள் பதறிவிட்டாள். “அம்மா, என்னம்மா இது, எல்லாரும் பாக்குறாங்கம்மா.”

“பாத்துட்டுப் போகட்டும்லா” என்றேன்.

கும்மட்டம் தெரிந்தது. லயத்துப் பெண்கள் சொன்னது சரிதான், செம்புத் தகடுதான். அதற்குக் கீழே மணிக்கூண்டை நோக்கிக் கண்ணை இறக்கிக்கொண்டு வருகிறேன், முகத்துக்கு நேரே கறுப்பாக ஏதோ விரிந்தது. அம்மாவுக்கு வெயில் படுகிறதே என்று மகள் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“ஏண்டி, மொதல்ல அந்தக் கொடைய மடக்கு” என்றேன்.