யானைக்கு முன்னால் எடுத்த படம்

லிப்டுக்குள் நனைந்த மயிரின் நாற்றம். முன்னால் நின்ற முதிய பெண்மணியின் ஃபர் கோட்டில் பனி உருகிக்கொண்டிருந்தது. மொன்றியல் டவுன்டவுனில், அகதி விசாரணை நடக்கும் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த நான், மூக்கு இழுத்த இழுப்பில் ஆபிரிக்கச் சரணாலயம் ஒன்றின் செம்மண் பாதையில் போய் நின்றேன். லிப்டில் பக்கத்தில் தம்பி. அன்று அவனுடைய கேஸ். என்னுடையதை முந்தைய வருடமே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இருவரும் ஒரே வான் வண்டியில்தான் எல்லை தாண்டினோம். காட்டின் ஊடாகப் போனால் கெடுபிடி குறைவு என்று, எங்களைக் களவாகக் கனடாவுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் கண்டுபிடித்திருந்தான். ஆறு பேருக்கும் தொப்பி, கழுத்தில் பைனாகுலர். "மிருகத்தைக் கண்டா ஆவெண்டு பாருங்கோ. சுற்றுலா வந்தவன் அழமாட்டான்" என்றான்.

நான் பார்த்தேனா? வரிக்குதிரைகள் குறுக்கே ஓடின. சாரதியின் பிடரியைப் பார்த்தேன். முள்மரத்துக்கு மேலாக ஒட்டகச்சிவிங்கி தலை நீட்டியது. சரணாலயக் காவலனின் துவக்கைப் பார்த்தேன். பிறகு கிளை முறியும் சத்தம். யானைகள். குட்டியை நடுவில் விட்டு, ஒரு அவசரமுமில்லாமல் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. வான் நின்றது. காவலன் கிட்ட வர, அவன் காணட்டுமென்று சாரதி திரும்பி எங்களைப் படமெடுத்தான். எடுத்தவுடனே படத்தை வெளியே தள்ளும் கமெரா. யன்னலில் யானை. தம்பி பல் தெரியச் சிரிக்கிறான். நான் எதையோ விழுங்கியவன்போல.

அந்தப் படத்தைத் தம்பி சட்டைப்பையில் வைத்தே கொண்டுவந்து சேர்த்தான். வந்த வழிக்குச் சாட்சி என்று லோயரிடம் கொடுத்தான்; நல்லதென்று நானும் தலையாட்டினேன். விசாரணைக்கு முதல்நாள்தான் லோயர் போன் எடுத்தார். உயிருக்குப் பயந்து ஓடியவன் இப்படிச் சிரிப்பானா என்று கேட்கப்போகிறார்கள் என்றார். விசாரணை அறைக்கு வெளியே கதிரைகளில் உட்கார்ந்ததும் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"நடிச்சனான் எண்டு சொல்லு. ஏஜென்சிக்காரன் சொன்னவன், சிரிச்சனான். அவ்வளவுதான்."

"நான் நடிக்கேல்லை அண்ணை."

"டேய், கதையைக் குழப்பாதை."

"அந்தக் குட்டி தாயின்ர காலுக்குள்ள பூந்து பூந்து வந்ததெல்லே. ஆமியும் ஞாபகமில்லை, அம்மாவும் ஞாபகமில்லை. ஒரு பத்து நிமிசம் எனக்கு ஒண்டுமே நடக்கேல்லை."

"உதை உள்ள போய்ச் சொன்னியோ, பிளேனில ஏத்தி விடுவாங்கள்."

"ஏத்தினா, யன்னல் சீற் கேக்கிறன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய டையைத்தான் கட்டியிருந்தான். முடிச்சு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை இழுத்து நேராக்கினேன். அவனிடம் மிஞ்சியிருந்த நல்ல பத்து நிமிடத்தைப் பொய்யாக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு வழி தெரியவில்லை. இப்போதும்தான் தெரியவில்லை.

விசாரணை அறைக் கதவு திறந்தது. "போன்ஜூர்" என்றபடி ஒரு பெண் அவன் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டாள். எனக்கு உள்ளே போக அனுமதியில்லை. அவன் எழுந்தான்.

"சரி, நடிச்சனான் எண்டே சொல்லுறன். நீங்கள் இதில இருங்கோ அண்ணை. நீங்களெண்டா அண்டைக்கு ஒண்டையும் பாக்கேல்லைத்தானே."